இடிக்குப் பயந்த வளர்மதி

வளர்மதி இறந்துபோன செய்தி எங்களுக்குக் காலை பஸ்ஸில் வந்தது. முந்தின நாள் மழையில் மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்து, ஏற்காட்டில் செல்போனும் இல்லை, நெட்டும் இல்லை. அவர் தினமும் சேலத்திலிருந்து ஏறி வரும் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து, மருந்துக் கவுண்டரில் நின்றிருந்த என்னிடம் சொன்னார். "ஏனுங்க, உங்க கம்ப்யூட்டர் அம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்களாமுங்க. அவங்க ஊட்டுக்காரர் ஸ்டாண்டுக்கு வந்து சொல்லி அனுப்புனாருங்க." நான் "சரிங்க" என்றேன். யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று யோசித்தேன். இதையெல்லாம் எப்போதும் வளர்மதிதானே பார்ப்பார் என்று தோன்றி, அவருடைய அறை வரைக்கும் போய்விட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன மருத்துவமனை எங்களுடையது. நான் மருந்து கொடுப்பவன், வளர்மதி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். வயதில் என்னைவிட நன்றாகச் சின்னவர். ஆனாலும் அதிகாரம் அவருடையதுதான். அப்படியொரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கோடை மழை வந்தால் மலையில் எல்லா வீட்டிலும் டிவி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அது இங்கே பழக்கம். வளர்மதி வானம் லேசாக உறுமினாலே வராந்தாவில் ஓடிவந்து, "எல்லாத்தையும் புடுங்குங்க" என்பார். "கரடியூர்ல யாரோ பட்டாசு வெடிக்கிறான் அம்மணி, அதுக்கும் புடுங்கோணுமா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "பயப்படறதும் ஒரு வேலைதானுங்கண்ணா. ஒருத்தராவது செய்யோணும்" என்பார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் ஆளில்லாத நேரத்தில் இடி விழுந்து, நோயாளிகளின் விவரம் அத்தனையும் இருந்த பெரிய கம்ப்யூட்டர் கருகிப்போனது. அப்புறம் பல மாதங்களுக்கு, மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெரியவர்களிடம் "என்ன மாத்திரை சாப்புட்டீங்க?" என்று கேட்டால், "வெள்ளையா, சிறுசா இருக்குமுங்க" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் வளர்மதி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதனால்தான் டிரஸ்ட்காரர்கள் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றலாம் என்றபோது முதலில் சரியென்று சொன்னவர் அவர். பழைய பெட்டிகள் போய், திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் கையளவு டப்பாக்கள் வந்தன. அவற்றுக்குள் ஒன்றும் கிடையாது. எந்த ஊரிலோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் எல்லாம் நடக்கும், இங்கே நாம் பார்க்க மட்டும் செய்வோம். கிளவுட் என்ற பெயரைக் கேட்டதும், மேகத்துக்கா நம்ம ஊரில் பஞ்சம் என்று ஏற்காட்டில் ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்த ஜோக்கை வளர்மதி மட்டும் சொல்லவில்லை. ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை விட்டுவைக்க வேண்டும், தினமும் மாலையில் எல்லா விவரமும் அதில் ஒரு முறை இறங்க வேண்டும் என்று கேட்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். "இனிமே உங்க மேசையில இருக்கறது வெறும் ஜன்னல்தாம்மா. வீடு வேற இடத்துல பத்திரமா இருக்கு."

"ஜன்னல் சாத்திக்கிச்சுன்னா ஊட்டுக்குள்ளாற எப்படிங்க சார் போறது?" என்றார் வளர்மதி.

அதிகாரி சிரித்துவிட்டார். பழைய பெட்டி தப்பித்தது.

போன கோடையில் ஒரு மதியம் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். முதல் இடி கேட்டதும் நர்ஸ் கலா பழக்கதோஷத்தில் வராந்தாவில் இருந்த எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டார். நெட் வரும் பெட்டியும் அதில் சேர்த்தி. முன்பெல்லாம் பிளக்கைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும். இப்போது அந்த ஒரு பிளக்கோடு மருத்துவமனையே கண்ணை மூடிக்கொண்டது. மலையில் வளர்ந்தவர்களால்தான் இப்படியொரு தவறு செய்ய முடியும்.

அந்த நேரம் பார்த்துக் கிளியூரிலிருந்து எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காபிச் செடியைக் கிளை கழித்துக் கவாத்து செய்யும்போது கத்தி காலில் இறங்கி, புண் சீழ் வைத்து, அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. டாக்டர் ஊசி மருந்தை எடுத்தபோது அந்த அம்மாவின் கணவர், "இவளுக்கு ஏதோ ஒரு ஊசி ஆகாதுங்க டாக்டர். போன வருசம் இங்கதான் போட்டு, மூச்சு முட்டிப்போச்சுங்க. பேரு தெரியலைங்க" என்றார்.

எல்லா பிளக்கையும் திரும்பச் செருகினோம். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் மலைப்பாதையில் எங்கோ நெட் வரும் கம்பி அறுந்துவிட்டிருந்தது. வளர்மதி தன் அறைக்குப் போய், இன்வெர்ட்டரில் பழைய பெட்டியைப் போட்டார். அது முனகிக்கொண்டு மெதுவாக எழுந்தது. "பேசாம இருங்கண்ணா, பேசுனீங்கன்னா எனக்குக் கை தப்பாப் போயிரும்" என்றார்.

டாக்டர் கையில் எடுத்து வைத்திருந்த அதே மருந்தின் பெயர்தான் அந்த அம்மாவின் விவரத்தில் ஆகாது என்று இருந்தது. வளர்மதி அதைச் சத்தமாக வாசித்தார். டாக்டர் அந்த மருந்தை என்னிடம் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். நாங்கள் வளர்மதியைப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தோம். அவர் குடிக்கவில்லை. "புடுங்குனா ஆளுக்கு ஆபத்து, புடுங்காட்டி பொட்டிக்கு ஆபத்து. இப்ப ரெண்டு பயம் ஆயிருச்சுங்கண்ணா" என்றார். பழைய பயம் போவதற்குள் புதிது வந்துவிட்டதே என்ற கவலை அவருக்கு.

இதை வைத்து அவரைக் கிளவுடின் எதிரி என்று யாரும் பேச வேண்டாம். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு இருந்தது. போன மாதம் வேலையில் இருக்கும்போதே மூச்சு வாங்கியது, டாக்டர் ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பினார். மறுநாள் படுக்கையிலிருந்து எனக்குப் போன் செய்தார். "நான் பாதி மலை எறங்கறதுக்குள்ள என் ரிப்போர்ட்டெல்லாம் அங்க டாக்டர் முன்னாடி வந்திருச்சுங்கண்ணா. நம்ம பழைய பொட்டிய மட்டும் நம்பியிருந்தா ஆகுமுங்களா? நொம்ப நல்ல ஏற்பாடுதானுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே, "சாயங்காலம் பேக்கப் ஓடுச்சுங்களா?" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஓடியது என்றேன். "அப்பச் சரிங்க" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவர் காரியம் முடிந்து சில நாள் கழித்து மதியத்தில் வானம் இருட்டியது. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் அறையைத் திறந்து பழைய பெட்டியைப் பார்த்தேன். திரை பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. வளர்மதியின் பெயரில் இருந்த கணக்கு வழியாகத்தான் விவரங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் இறந்ததும் தலைமை அலுவலகத்தில் அந்தப் பெயரை மூடிவிட்டார்கள். அதோடு எல்லாம் நின்றுபோயிருக்கிறது. இத்தனை நாளும் எங்களில் ஒருவர்கூட அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி நின்ற பிறகு வந்த நோயாளிகள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். புதிதாகச் சர்க்கரைக்கு மருந்து ஆரம்பித்தவர், மாத்திரையை மாற்றிக்கொண்டு போன கர்ப்பிணி. நெட் போனால் அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மழை விட்டதும் அந்தச் சென்னை அதிகாரிக்குப் போன் செய்தேன். "இறந்தவங்க பேரைத் திறந்து வெச்சிருக்கக் கூடாது சார், அது விதி" என்றார். நியாயம்தான். அந்தப் பெட்டியை இந்த மாதத்தோடு அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னார்.

"என் பேர்ல ஒண்ணு குடுங்க. பெட்டி இங்கயே இருக்கட்டுமுங்க."

"நீங்க மருந்து குடுக்கறவர். உங்களுக்கு எதுக்கு சார்?"

"பயமா இருக்குதுங்க" என்றேன்.

இந்த வயதுவரை ஓர் அதிகாரியிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் என் பெயரில் ஒரு கணக்கு திறந்துகொடுத்தார். பிறகு, பெட்டி தானாகக் கெட்டுப்போகும் வரை வைத்துக்கொள்ளுங்கள், புதிது கிடைக்காது என்றார். அதற்கு உதிரி பாகமும் இப்போது கிடைப்பதில்லை. ஃபேன் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது. அது நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எந்த மழையிலும் கம்பி அறாத காலம் வந்தால் பெட்டி வேண்டியிருக்காது. ஏற்காட்டில் அது இன்னும் வரவில்லை.

இப்போது மாலையில் என் பஸ்ஸை விட்டுவிட்டு, விவரமெல்லாம் இறங்கி முடியும்வரை அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வளர்மதி இருந்தவரை மருத்துவமனையில் என்னைத் தைரியசாலி என்பார்கள். என் பங்குக்கும் சேர்த்து அவரே பயந்துகொண்டிருந்தார். அந்தப் பங்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.