பேட்டரி எச்சரிக்கை

அக்காவின் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஈப்போவில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். இந்த இயங்குதளத்தில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழற்றிவிடலாம். அந்தச் சுதந்திரம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. திரையின் மூலையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்புகள் எனக்கு அறவே பிடிக்காது. அவற்றைக் காட்டும் பகுதியையும் தூக்கிவிட்டேன்.

"ரொம்ப வேகமா இருக்குலா தம்பி" என்றாள் அக்கா. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அத்தான் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. அறுபது வயதாகியும் மலேசியக் குடியுரிமை இல்லை, நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான். அவர் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர்: ஆயாக்கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு வயதான அம்மா. தோட்டம் செம்பனையாக மாறிய பிறகும் அங்கேயே இருந்தார். அவர் சொல்வதை எழுதி, சத்தியம் செய்யவைத்துக் கையெழுத்து வாங்கினால் குடியுரிமை மனுவோடு சேர்க்கலாம்.

சனிக்கிழமை அவரைப் பார்க்கப் புறப்படும்போது அக்கா கேட்டாள்: "சார்ஜர் எடுத்துக்கவா?"

"வேணாங்க்கா. பேட்டரி நாலு மணி நேரம் நிக்கும்."

நிற்கவில்லை. அந்த அம்மா நினைத்து நினைத்துச் சொல்ல, அக்கா இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்திருக்கிறாள். பேட்டரி குறைகிறது என்று கணினி சொல்லும்போது சேமிப்பதுதான் அவள் வழக்கம். கணினி எதுவும் சொல்லவில்லை. திரை இருண்டது, எழுதியதெல்லாம் போயிற்று. அந்த அம்மாவும் களைத்துப் படுத்துவிட்டார்.

"அடுத்த வாரம் வாரோம்மா" என்றாளாம் அக்கா.

"வாங்க. நான் எங்க ஓடிடப் போறேன்."

புதன்கிழமை அவருக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. யாரையும் அடையாளம் தெரியவில்லை.

நான் கழற்றியது எது என்று அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பயனரின் தேர்வு, பயனரின் உரிமை என்று பார்ப்பவரிடமெல்லாம் வாய்கிழியப் பேசியவன். பயன்படுத்துகிறவள் அக்கா, தேர்ந்தெடுத்தது நான். வெட்கமாக இருந்தது.

"அத எடுக்கறப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திரும்பப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது பேட்டரி கொஞ்சம் குறைந்தாலே கணினி சத்தம் போடுகிறது. அத்தான்தான் எழுந்து போய் ஒயரைச் சொருகுகிறார். குனியும்போது சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டை விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார்.