இடிபட்ட மில்லின் படம்

என் அலுவலகத்துக்கு பெயிண்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாடை ஏறியதும், எட்டு வயதில் எங்கள் அல்லிநகரம் வீட்டில் இருக்கிறேன். அது அப்பாவின் சட்டை வாடை.

அப்பா கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். மூடிக் கிடந்த பஞ்சு மில்லை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதன் மெஷின்களையும் அங்கே வேலை பார்த்தவர்களையும் இரண்டு வருஷம் உட்கார்ந்து வரைந்தார். பத்திரமாக இருக்கட்டுமென்று ஓர் அரசு அலுவலகத்தில் கொடுத்தார்.

மில் தரைமட்டமான பிறகு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் படங்களைப் பார்க்கப் போனார். ஒழுகும் கூரையின் கீழ் படங்கள் கூழாகிக் கிடந்தன.

"மேல உள்ளவுக மறந்துட்டாகண்ணே," என்றார் பியூன்.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தாளை விரித்தார். பார்த்துப் பார்த்து வரைந்ததெல்லாம் நினைவில் குழம்பிப்போயிருந்தது.

"ஆத்தா, மில்லுக்குள்ள நுழைஞ்சதும் ஜன்னலு எந்தப் பக்கம்?" என்று மகளான என்னிடம் கேட்டார்.

நான் உள்ளே போனதே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், "இடப்பக்கம்ப்பா" என்றேன். அப்படியே வரைந்தார்.

அந்த மில்லுக்கு இன்று மிஞ்சியிருப்பது அந்தப் படம் ஒன்றுதான்.