முகத்தில் பூசிய ரப்பர் பால்

எனக்கு எட்டு வயது நடக்கும்போது மேலுதட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. மிளகளவுதான் இருக்கும். அம்மா அதைத் தேமல் என்று நினைத்துக் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துத் தடவினாள். போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வாயைச் சுற்றிப் படர்ந்துவிட்டது. பிறகு கழுத்தில் ஒன்று, வலது கை விரல்களில் மூன்று. என் நிறம் நல்ல கறுப்பு. அதனால் அந்த வெள்ளை தூரத்திலிருந்தே தெரியும்.

நாங்கள் மலாயாவில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி. அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்குப் போனார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரே அறை, ஒரே வாத்தியார், நாலு நீள பெஞ்சு.

பள்ளிக்கூடத்தில் கங்காணியின் மகன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"டேய், துரைசாணி வர்றாங்க. வழி விடுங்கடா. சலாம் போடுங்கடா."

துரையின் வெள்ளைக்காரப் பெண்டாட்டிக்குப் போடுவதுபோல எல்லாரும் வரிசையாக நின்று சலாம் போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். கேலி வலித்தது, ஆனால் அது பெரிய பயம் இல்லை. பெரிய பயம் வேறு.

அதற்குக் கொஞ்ச காலம் முன்னால், கீழ் லயத்து வரிசை வீட்டில் இருந்த ஒருவரைப் பெருநோய் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டப்பகலில், நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். கித்தான் மூடிய ஒரு லாரி வந்து நின்றது. அவர் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல் தானே ஏறினார். அவருடைய பாயையும் தலையணையையும் லயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் பஞ்சு எரிந்த நாற்றம் ரொம்ப நாள் போகவில்லை. அவரைத் தீவில் விட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எந்தத் தீவு என்று யாருக்கும் தெரியாது. போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் முதலில் முதுகில் நிறம் மங்கின ஒரு படைதான் வந்ததாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் நான் விறகு அடுக்கின மூலையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் வாத்தியார் என்னை பெஞ்சிலிருந்து எழுப்பினார். கதவோரம் ஒரு கோணிச் சாக்கை விரித்து, "இங்க உக்காரு. காத்து நல்லா வரும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

"வாத்தியாருக்கே சந்தேகம் வந்துருச்சு. அடுத்தது டிரெஸ்ஸர் காதுக்குப் போவும்" என்றாள்.

டிரெஸ்ஸர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர். யாழ்ப்பாணத்துக்காரர். லாரிக்குச் சொல்லி அனுப்புவது அவர்தான்.

அப்பா வேலை முடிந்து வந்த கோலத்தில் குந்தியிருந்து தன் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் வெட்டுகிறவர்கள் கையில் ரப்பர் பால் தெறித்துத் தெறித்துக் காய்ந்து, அழுக்கோடு சேர்ந்து கறுத்துத் தோலோடு தோலாக ஒட்டியிருக்கும். அவர் அதில் ஒரு துண்டை உரித்து, என் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒம் மவ தோலு மாதிரியே இருக்கு பாரு" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. அப்பா மத்தியானம் வரும்போது மரத்தில் பால் பிடிக்கிற மங்கு ஒன்றில் கொஞ்சம் பால் மிச்சம் பிடித்து வருவார். அம்மா விளக்குக் கரியும் துளி காவிமண்ணும் சேர்த்துக் குழைப்பாள். கோழி இறகால் வாயைச் சுற்றியும், கழுத்திலும், விரலிலும் பூசுவாள். காய்ந்தால் பக்கத்துத் தோல் நிறத்துக்கு வந்துவிடும். புளித்த நாற்றம் அடிக்கும். தோல் இழுக்கும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை உரித்துப் புதிதாகப் பூச வேண்டும்.

"சிரிக்காத. சிரிச்சா ஓரத்துல உரிஞ்சுரும்" என்பாள் அம்மா.

நானும் சிரிக்கவில்லை. புள்ளி மருந்தில் ஆறிவிட்டது என்று அம்மா லயத்தில் சொல்லி வைத்தாள். பாதிப் பேர் நம்பினார்கள். வாத்தியார் சாக்கை எடுக்கவில்லை.

இந்த விஷயம் வீட்டுக்கு வெளியே ஒரே ஒருத்திக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய அம்மா ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கதவைத் தட்டி உள்ளே வருகிற பழக்கம் இல்லாதவள். அம்மா என் கழுத்தில் பூசிக்கொண்டிருக்கும்போது நேராக வந்து நின்றுவிட்டாள். அம்மா இறகைக் கீழே போட்டுவிட்டாள்.

அவள் குனிந்து இறகை எடுத்தாள். தன் மூக்கு நுனியில் ஒரு தீற்று தீற்றிக்கொண்டாள்.

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு, இல்ல அத்த?"

"வெளிய சொல்லிருவியாடி?"

"சொன்னா இவள எங்க கூட்டிட்டுப் போவாங்கன்னு எனக்குத் தெரியாதா, அத்த?"

அதன் பிறகு நான் பூசுகிற நாளெல்லாம் அவளும் மூக்கிலோ நெற்றியிலோ பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள். பிள்ளைகள் அவளைக் கேலி செய்தால், "ஒங்கப்பன் மூஞ்சிய விட இது தேவலாம்டா" என்பாள். ஒருநாள் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மரப்பட்டையிலும் மங்கிலும் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துச் சேர்க்கிற வேலை அது. அப்போது ஒரு கட்டெறும்பு அவள் மூக்கின் மேல் ஏறியது. நான் காட்டினேன்.

"அட, எனக்குத் தெரியவே இல்ல பாரு. இதப் பூசிட்டா மூக்கே செத்துப் போவுது" என்று தட்டிவிட்டாள். நாங்கள் அதை அப்போதே மறந்துவிட்டோம். நான் மறந்துவிட்டேன்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, டிரெஸ்ஸர் வந்து சொன்னார். பெரிய டாக்டர் வருகிறார், பிள்ளைகள் எல்லாரும் மறுநாள் பதினொரு மணிக்குப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், ஒருவரும் தப்பக்கூடாது என்று. அப்பா அன்றைக்கு நாலைந்து மரத்தை வெட்டாமலே தாண்டிப் போய்விட்டாராம். அம்மா பிறகு சொன்னாள்.

அன்று சாயங்காலம் அம்மா எனக்கு ஒரு பூச்சுக்கு இரண்டு பூச்சாகப் பூசினாள். காய்ந்த பிறகு இன்னொன்று. "கெட்டியா இருந்தாத்தான் தெரியாது" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, தீவில் மரம் இருக்குமா, பள்ளிக்கூடம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் களத்தில் நல்ல வெயில். பால் எடுத்து முடித்த பெரியவர்களும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக வந்து நின்றார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி. வெள்ளைக்கார டாக்டர் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரெஸ்ஸர் நின்றார். சற்றுத் தள்ளி, மண் ரோட்டில், அந்த லாரி நின்றது. கித்தான் மூடிய லாரி. டாக்டரோடு சேர்ந்து வந்ததோ என்னவோ. நான் அதைப் பார்த்தேன். என் கால் நனைந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற அடுத்த வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, தன் பாவாடையை என் பக்கம் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக நாக்கை நீட்டி, கண்ணைக் காட்டிப் போனார்கள். என் முறை வந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். கெட்டியாகப் பூசியதில் ஓரம் தடித்து, வாயைச் சுற்றிப் படை மாதிரியே தெரிந்திருக்க வேண்டும். அவர் டிரெஸ்ஸரிடம் ஏதோ சொன்னார்.

"கண்ணை மூடு பிள்ளை. பஞ்சு வைச்சுத் தொடுவன். எங்கை தொடுறன் எண்டு சொல்ல வேணும்" என்றார் டிரெஸ்ஸர்.

மூடினேன்.

"நெத்தி" என்றேன். "கன்னம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லு."

"நீங்க இன்னும் தொடலையே."

நான் கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் மேலுதட்டின் மேலேதான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தொடுவது தெரியவில்லை. தோல் மரத்துப் போனால் அதுதான் அந்த நோய் என்று லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேலே பால் பூசியிருக்கிறது என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. எனக்கு நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன். கழுத்தில் தொட்டார்கள். அங்கேயும் தெரியவில்லை. டாக்டர் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

அம்மா பெண்கள் கூட்டத்தில் நின்றாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பூச்சு என்று சொன்னால் அடியில் இருப்பதைக் காட்ட வேண்டும். மறைத்ததற்கு என்ன தண்டனையோ. அப்பா ஆண்கள் பக்கம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துரைமார் முன்னால் அவருக்கு நாக்கு எழாது. அவர் லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கழுத்தில் நகத்தால் சுரண்டியது. ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. ஒட்டுப்பால் உரித்துப் பழகின கை. கழுத்திலிருந்து ஒரு துண்டு, வாயைச் சுற்றி ஒரு துண்டு. எனக்கு எரிந்தது. முகத்தை மூட இரண்டு கையையும் தூக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இது தோலு இல்லங்க, டிரெஸ்ஸரய்யா. பாலு. இந்தாங்க."

உரித்த துண்டுகளை மேசைமேல் வைத்தாள். களத்தில் இருந்த எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவளைப் போல நான் யாரையும் வெறுத்ததில்லை.

"ஆர் பூசினது?" என்றார் டிரெஸ்ஸர்.

"நான்தான். வெளையாட்டுக்கு."

"நீயோ?"

"எம் மூக்கப் பாருங்க. எனக்கும் பூசியிருக்கேன்."

டிரெஸ்ஸர் அவள் மூக்கைப் பார்த்தார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மறுபடியும் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

பஞ்சு தொட்டது. பூனைமயிர் மாதிரி. "உதடு" என்றேன். "கழுத்து" என்றேன். விரலில் இருந்ததையும் அவரே உரித்துத் தொட்டார். "வெரலு, நடு வெரலு." பிறகு சொல்லாமல் ஒரு ஊசியால் குத்தினார். நான் அலறி அழுதுவிட்டேன்.

"நல்லது. அழு, நல்லா அழு" என்றார் டிரெஸ்ஸர். டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். டிரெஸ்ஸர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இது பெருநோய் இல்லை. நிறம் போற வருத்தம். இன்னும் பரவினாலும் பரவும். ஆனா ஆருக்கும் தொத்தாது."

லாரி யாரையும் ஏற்றாமல் போனது. சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் அப்பா தலைப்பாகையைக் கட்டவில்லை.

அவளுக்கு வீட்டில் அவள் அம்மாவிடம் நல்ல அடி விழுந்தது. மரச்சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது. என் அம்மா நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளைக் கூப்பிட்டு எங்கள் தட்டிலேயே சோறு போட்டாள். அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"பரவட்டும் அத்த. முழுசும் பரவுனா இவ நெசமாவே துரைசாணி. பங்களாவுல இருப்பா. நாந்தான் தேத்தண்ணி கொண்டு போவணும், அதுதான் கஷ்டம்."

அம்மா சிரித்தாள். நான் சிரிக்க முகத்தை இழுத்தேன், பழக்கத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் சாக்கு அப்படியேதான் கிடந்தது. டிரெஸ்ஸர் சொன்னதை வாத்தியாரும் கேட்டிருந்தார். இருந்தாலும், "ரெண்டு வாரம் போவட்டும்" என்றார். இரண்டு வாரம் போனது. பூச்சு இல்லாத முகத்தோடு நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். கங்காணி மகன் போகும்போதும் வரும்போதும் காலைத் தூக்கிச் சாக்கைத் தாண்டினான்.

ஒருநாள் மத்தியானம் அப்பா வேலை உடுப்போடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. வாத்தியாரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வாத்தியாரய்யா, ஒட்டுப்பால் கட்ட ஒரு சாக்கு வேணும். இத எடுத்துக்கட்டுங்களா?"

வாத்தியார் பதில் சொல்வதற்குள் அப்பா என்னைக் கையைப் பிடித்து எழுப்பி, சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நின்றேன். உட்கார இடம் இல்லை. வெறுந்தரையில் உட்காரலாமா என்று பார்த்தேன். வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"வா துரைசாணி, வந்து உக்காரு" என்றாள் அடுத்த வீட்டுக்காரி, தன் பெஞ்சிலிருந்து.

போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். மறு ஓரத்தில் இருந்த பெண் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். அடுத்து யார் எழுவார்கள் என்று நான் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வெள்ளை விரல்கள் பெஞ்சுப் பலகைமேல் நன்றாகத் தெரிந்தன. எழுந்து போனவளின் இடத்தில் அவள் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான் எடம் தாராளமா இருக்கு" என்றாள்.

வேறு யாரும் எழவில்லை. பள்ளிக்கூடம் விடுகிறவரைக்கும் நான் பெஞ்சை விடவில்லை.