கதவைப் பிராண்டும் பூனை

காலையிலிருந்து பூனை வாசல் கதவைப் பிராண்டிக்கொண்டு கத்துகிறது. தெருவில் வண்டிகள் பறக்கின்றன. வெளியே விட முடியாது. பால் வைத்தேன், மடியில் போட்டுத் தடவிக்கொடுத்தேன். மறுபடி கதவுக்கே ஓடியது. தாங்க முடியாமல் டிவி சத்தத்தைக் கூட்டினேன். கூட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

எழுபத்தெட்டில், புத்தூர் வீட்டில், எனக்குப் பத்து வயது. முக்கொம்பு பஸ்ஸில் அக்காவை ஒரு பையனோடு பார்த்ததாக யாரோ சொல்ல, அப்பா அவள் காலேஜை நிறுத்திப் பின்னறையில் வைத்துப் பூட்டினார்.

"அவ அழுதா ரேடியோவைச் சத்தமா வை" என்று அம்மா எனக்கு வேலை கொடுத்திருந்தாள்.

"சாவியை எடுத்துட்டு வாடி. மலைக்கோட்டை வரைக்கும் போயிட்டு உடனே வந்துடறேன்" என்று அக்கா கதவிடுக்கில் கெஞ்சுவாள். சாவி ரேடியோவுக்கு மேலே ஆணியில்தான் தொங்கும். எனக்கு எட்டும். ஆனால் சூடேறிய ரேடியோவின் தூசி வாசனை மூக்கில் ஏற, நான் சத்தத்தைத்தான் கூட்டுவேன்.

ஆடியில் தொடங்கிய அழுகை ஐப்பசி மழைக்குள் நின்றுபோனது. "அடங்கிட்டா" என்று அப்பா கதவைத் திறந்துவிட்டார். அக்கா வெளியே வரவில்லை.

இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எப்போதும் திறந்தே கிடக்கும் அவள் அறையிலிருந்து குரல் வந்தது.

"டிவி ஓடட்டும்டி. கொஞ்ச நாள் கத்தும். அப்புறம் பழகிடும்."