வட்டிலப்பம் இழந்த எழுத்தாளன்

கல்முனையில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் எழுத்து வகுப்பு நடக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்து எது நல்லது, எது சரியில்லை என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு முதல் பாதி மட்டும்தான் வந்தது. எதைக் கேட்டாலும் "மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி" என்றோம். வட்ஸ்அப் குழுவில் என் கதையைப் போட்ட கையோடு பூவும் இதயமும் வந்து குவியும். அந்த நேரத்துக்குள் தலைப்பைக்கூட வாசித்திருக்க முடியாது. நான் அதையும் என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

வகுப்பை நடத்திய சேர் இதற்கு மருந்தைச் சாப்பாட்டில் கண்டுபிடித்தார். பகலில் நாங்கள் சஹனில்தான் சாப்பிடுவோம். ஒரு பெரிய தட்டுச் சோறு, அதைச் சுற்றி நாலைந்து பேர். கடைசியில் ஆளுக்கொரு கப் வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த இனிப்பு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

"இனிமே கருத்தெல்லாம் சஹன்ல வச்சித்தான்," என்றார் சேர். "எழுதினவர் வாயத் திறக்கிறது சோத்துக்கு மட்டும். பதில் சொன்னா அவருக்கு வட்டிலப்பம் இல்ல."

ஒரே சஹனில் கைபோட்டுச் சாப்பிடும்போது மனிதனுக்கு எங்கிருந்தோ உண்மை வந்துவிடுகிறது. எனக்குப் பதிலும் வந்துவிடுகிறது. "அது அப்படியில்ல, நான் சொல்ல வந்த என்னெண்டா…" என்று நான் தொடங்கினாலே என் வட்டிலப்பக் கப் பக்கத்தில் உட்காரும் பாண்டிருப்பு ஊர் நண்பனிடம் நகர்ந்துவிடும். என் எழுத்தால் உடம்பு தேறிய ஒரே வாசகன் அவன்தான்.

வகுப்பு முடியும் நாளில் குடும்பத்தார் முன்னால் ஆளுக்கொரு கதை வாசிக்க வேண்டும் என்றார்கள். நான் மாப்பிள்ளையான முதல் கிழமையை, அந்த ஏழு நாளையும், எழுதினேன். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டில் குடியேறுவது மாப்பிள்ளைதான். அந்தக் கிழமை மாமி எனக்குப் போட்ட சாப்பாட்டைப் பற்றிய பகிடிக் கதை அது. ஒரேயொரு சிக்கல், மாமியும் கேட்க வருகிறார். கதை சறுக்கினால் எழுத்தாளன் மூட்டை முடிச்சோடு உம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதனால் முதலில் சஹனில் வாசித்துப் பார்த்தேன்.

"மச்சான், முதல் பக்கம் முழுக்க நிலா, கடல், காத்து," என்றான் நண்பன். "நீ எப்படா கல்யாண வீட்டுக்குள்ள வருவா? நீ வந்து சேரக்குள்ள சாப்பாடு முடிஞ்சிரும்."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு கோழித் துண்டால் அதை அடைத்தேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு டீச்சர் குரல் கொடுத்தார். "தம்பி, உங்கட மாமி சோறு போடுறா, கறி போடுறா, மறுகாவும் சோறு போடுறா. ஒரு சொல்லாவது கதைக்கிறாவா? அவ மனிசியா, அகப்பையா?"

மண்டபமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து வட்டிலப்பமும் வந்தது. நண்பனின் கை என் கப்பை நோக்கி ஊர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றுதான் என் வட்டிலப்பத்தை நானே தின்றேன். அதோடு டீச்சரின் கேள்வியும் உள்ளே இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். மாமி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்த முதல் கிழமை ஏன் எனக்கு அவ்வளவு சோறு போட்டீங்க?"

"ஏன் போட்டனா? நீங்கதானே, மருமகன், பீங்கானை வழிச்சு வழிச்சுத் திண்ட! வெறும் பீங்கானக் கண்டா பசி அடங்கல்ல எண்டுதானே நினைப்பன்? அல்லாவே, இந்தப் புள்ளைக்கு எப்பிடிச் சோறு போட்டு முடிக்கப் போறம் எண்டு மாமாக்கிட்டயும் சொன்ன நான்."

"மிச்சம் வச்சா கறி சரியில்ல எண்டு நினைப்பீங்களோ எண்டு பயந்து திண்ட மாமி நான்!"

"இரவெல்லாம் வயித்தப் புடிச்சிட்டுப் படுத்த கதையையும் சொல்லுங்களன்," என்றாள் குசினி வாசலில் வந்து நின்ற என் மனைவி.

மாமி கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்துக்கும் அதில் பங்கிருக்கலாம்.

நிலாவையும் கடலையும் காற்றையும் அன்றே வெட்டி எறிந்தேன். அந்த இடத்தில் மாமி வந்து உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார்.

வாசிக்கும் நாளில் மாமி முன்வரிசையில் இருந்தார். "இந்தப் புள்ளைக்கு எப்பிடிச் சோறு போட்டு முடிக்கப் போறம்" என்ற இடம் வந்ததும் முதல் சிரிப்பு மாமியுடையது. அவர் சிரித்த பிறகுதான் சபை சிரித்தது. எனக்கும் மூச்சு வந்தது.

"ஆராவது கருத்துச் சொல்லப் போறீங்களா?" என்று சேர் கேட்டார்.

மாமி கையை உயர்த்தினார். "கதை நல்லா இரிக்கி. ஆனா ஒண்டு. எல்லாத்தையும் பயத்துல திண்ட மாதிரி எழுதிரிக்கார். றால் பொரியலக் கேட்டுக் கேட்டு வாங்கித் திண்டது ஆரு?"

நான் வாயைத் திறந்தேன். சேர் மேசையிலிருந்த வட்டிலப்பத்தைக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் என் கப்பை மாமியே கொண்டுவந்து தந்தார். சந்தோசத்தில் அதை அடிவரை வழித்துத் தின்றேன். வெறும் கப்பை மாமி ஒருமுறை பார்த்தார். நேரே போய் இன்னொன்று எடுத்துவந்தார்.