முழு பாட்டில் பினாயில்

திண்டுக்கல்லில் எங்கள் பிரியாணிக் கடைக்கு ரெய்டு வந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது.

சித்திரை மாதம். முந்தின நாள் மாலை போன கரண்டு விடிந்துதான் வந்தது. ஃப்ரீசரைத் திறந்ததுமே கறி கெட்டுவிட்டது என்று மூக்கு சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரரோ கீழே விழுந்த பருக்கையைக்கூடப் பொறுக்கி வாயில் போடுகிறவர்.

“கறியத் தூக்கிப் போட்டா கடையோட பரக்கத்து, விருத்தி எல்லாம் போயிரும் புள்ள. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு அலசுனா சரியாயிரும்” என்றார்.

“திங்கிறவுக வயித்துக்கு யாரு பதில் சொல்றது?”

“நீ சும்மா இரு. செத்த நேரத்துல வாரேன்” என்று பழம் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் கறியைக் கொல்லைக் குழியில் கொட்டினேன். எனக்கு இந்த மனுசனைத் தெரியும், குழியில் இறங்கியாவது அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் தரை துடைக்க வைத்திருந்த பினாயில் பாட்டிலை எடுத்து அதன் மேல் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தேன். திரும்பி வந்தவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேச்சை நிறுத்திவிட்டார். அதன்பின் எனக்கான சேதியெல்லாம் எங்கள் கடைப் பரோட்டா மாஸ்டர் வழியாகத்தான்.

“அந்தம்மாவ அடுப்ப அணைக்கச் சொல்லுங்க மாஸ்டர்.” நான் மாஸ்டருக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றது. எதிர்க்கடை ஷட்டர் சடசடவென்று இறங்கியது. என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப்போனது. கெட்ட கறி சிக்கினால் கடைக்குச் சீல் வைப்பார்கள். எங்களுக்குச் சோறு போடுவது அந்த ஒரு கடைதான்.

அதிகாரி ஃப்ரீசரைத் திறந்தார். காலி. கொல்லைப் பக்கம் போய்க் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு, கெட்ட கறி சிக்கினால் ஊற்றி அழிப்பதற்கென்று பினாயில் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“நமக்கு இங்க வேலையே வைக்கலையேய்யா. யாரு ஊத்துனது?”

“நாந்தான் சார்” என்றார் என் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “கெட்டுப்போனத ஒரு நிமிசம் கடையில வைக்க மாட்டேன்.”

மாஸ்டர் அடுப்படிக்குள் ஓடிவிட்டார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அதிகாரி இவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கடை பிழைத்தது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தேன். கூடவே அழுகையும் வந்தது. இவர் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார். மாஸ்டரைக் கூப்பிடாமல் நேராக என்னிடமே பேசினார்.

“அதுக்காக முழு பாட்டிலையுமா ஊத்துவ? பாதி பத்தாதா?”