கம்பளி போர்த்திய பெட்ரோல் டேங்க்

ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் டேங்க்கைக் கம்பளி போர்த்திக் கெடுத்த ஆள் இந்த இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள்... முழுதாகக் கேளுங்கள். மானம் போன கதைதான். ஆனாலும் இந்த வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நுவரெலியா பஜாரில் எனக்கு ஹாட்வெயார் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். சீசனுக்கு ஒரு மாதம் முன்பு கொழும்பு மாத்தையா ஒருவர், அதாவது சிங்களப் பெரிய மனிதர், கடைக்கு வந்தார். ஏப்ரல் கார் பந்தயத்துக்கு வருடா வருடம் வருகிறவர். பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். அதன் டிக்கிக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினிய டேங்க். பழையவை அரித்து ஓட்டை விழுந்துவிட்டதால், புதிதாக இரண்டு செய்து எடுத்து வந்திருந்தார்.

"இதுக்கு ஃபினிஷிங் கொடுக்க இந்த ஊரில் ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கா? என்ன கேள்வி இது! நானுஓயாவில் நம் செல்வராஜ் இருக்கும்போது?

செல்வராஜ் உடப்புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். எட்டு வருடம் வளைகுடா நாட்டில் காருக்குப் பெயின்ட் அடித்துவிட்டுத் திரும்பி, நானுஓயாவில் சொந்தமாகக் கராஜ் போட்டு ஆறு மாதம் ஆகிறது. வந்த வேலையெல்லாம் ஆட்டோவும் லொறி மட்கார்டும்தான். பழைய கம்பெனிக்காரர்களோ திரும்பி வரச்சொல்லி போன் மேல் போன். அவருடைய மனைவி, "இன்னொரு தடவ ஏர்போர்ட் வாசல்ல நின்னு அழ என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு கார் நல்லபடியா போச்சுன்னா அவரு கூட்டாளிங்க காரெல்லாம் வரும் அண்ணே. இல்லாட்டி நான் பெட்டி கட்ட வேண்டியதுதான்" என்றார் செல்வராஜ்.

இப்போது புரிகிறதா, அந்த இரண்டு டேங்க்குக்குள் எவ்வளவு இருந்தது என்று?

முதல் நாளே சண்டை. மாத்தையாவுக்கு டேங்க் இரண்டும் கண்ணாடி போல் மின்ன வேண்டும். பந்தயத் திடலில் டிக்கியைத் திறந்துவைத்தால் நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும். செல்வராஜ் முடியாது என்றார். முதல் பெரிய வாடிக்கையாளரிடம் முடியாது என்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வியர்த்துவிட்டது... நுவரெலியாக் குளிரில்!

இருவரும் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் தருகிறேன்.

"பாலிஷ் போட்டுத் தாறது பெரிய வேலை இல்ல மாத்தையா. நம்ம ஊரு ஈரத்துக்கு மூணு மாசத்துல வெள்ளை பூத்துடும். மேல தேய்ச்சுச் சொரசொரப்பாக்கி, அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரைமர் ஒண்ணு அடிக்கணும். அதுக்கு மேல ரெண்டு கோட் சாம்பல் பெயின்ட். மின்னாது. ஆனா நிக்கும்."

பிறகு, மாத்தையா மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த பழைய டேங்க்கைக் கவிழ்த்துக் காட்டினார். இரும்புப் பட்டி இறுக்கிப் பிடித்த இடத்தில், உராயாமல் இருக்க யாரோ கம்பளித்துணி வைத்திருந்தார்கள். அது தண்ணீரைக் குடித்துக் குடித்து, கீழே அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து கிடந்தது. இனி அங்கே ரப்பர்தான், துணியே கூடாது என்றார்.

மாத்தையா முகத்தில் ஈயாடவில்லை. "சரி, செய்து காட்டு. பிடிக்கவில்லை என்றால் கொழும்புக்குக் கொண்டுபோய் உரித்துவிட்டுப் பாலிஷ் போட்டுக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம். மாத்தையா வந்து வாங்கிப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய மதியம் நான் போனபோது, கடைசிக் கோட் அடித்து இரண்டு டேங்க்கும் கராஜுக்குள் காய்ந்துகொண்டிருந்தன. அடடா... என்ன ஒரு வழவழப்பு! ரப்பர் பட்டி வாங்க செல்வராஜ் பஜாருக்குக் கிளம்பினார்.

"அண்ணே, அரை மணித்தியாலம் பாத்துக்கங்க. தொட்டுடாதீங்க."

தொடுவேனா? பெயின்ட் விற்கிற எனக்கே பாடமா?

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்காது... மேலே தேயிலை மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. வாசல் வழியாகக் குபுகுபுவென்று உள்ளே வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஈரம் பட்டால் பெயின்ட் போச்சே!

எங்கள் மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதன்மேல் பாசம் வந்தாலும் போர்த்திவிடுவோம். பிள்ளையைப் போர்த்துவோம், தயிர்ச் சட்டியைப் போர்த்துவோம், நேற்று வாங்கிய மோட்டார் சைக்கிளையும் போர்த்துவோம். ஆணியில் ஒரு கம்பளி தொங்கியது. எடுத்தேன், ஒரு டேங்க்கைக் கழுத்துவரை போர்த்தினேன். இன்னொன்றுக்குக் கம்பளி இல்லையே என்று கவலை வேறு.

செல்வராஜ் வந்தார். பார்த்தார். மெல்லக் கம்பளியை உரித்தார்... ஈரப் பெயின்ட் முழுக்கக் கறுப்பு முடி. டேங்க்குக்குத் தாடி முளைத்த மாதிரி!

"ஷட்டர இழுத்து விட்டிருக்கலாமே அண்ணே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அன்று சாயந்திரமே பெயின்ட், பிரைமர் எல்லாவற்றையும் உரித்து, அந்த டேங்க்கைத் தேய்த்து வெறும் உலோகமாக்கினார். பளபளவென்று வந்தது. பிரைமர் காலையில்தான் என்றார். வீட்டில் சொன்னேன். "பெயின்ட் விக்கிறவங்க எல்லாம் பெயின்டராக முடியுமாங்க? அந்த மனுசன் பொழப்புல இப்பிடி மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கீங்களே" என்றாள் என் மனைவி.

காலையில் கராஜுக்கு ஓடினேன். மாத்தையா எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்! ஒரு டேங்க் முடிந்திருக்கிறது, இன்னொன்று அம்மணமாகக் கிடக்கிறது.

"என்ன இது?"

கரன்ட் கட் என்று சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் செல்வராஜ் வாயைத் திறந்தார். "காயுறதுக்கு முந்தி கம்பளி போட்டு மூடிட்டோம் மாத்தையா. பிழை எங்க பக்கம். திரும்ப அடிக்கணும்."

மூடிட்டோம்! எங்க பக்கம்! போர்த்தியவன் நான் ஒருவன். பழியில் பாதியை அந்த மனிதர் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். "நான்தான் மாத்தையா. இவர் அப்போது இங்கே இல்லை" என்றேன்.

மாத்தையா வெறும் டேங்க்கிடம் போய்க் குனிந்தார். நேற்றுப் பளபளத்த உலோகம் இன்று மங்கிக் கிடந்தது. மூட்டத்தின் ஈரம் இறங்கி, திட்டுத் திட்டாக நீர்க்கறை. தொட்ட இடமெல்லாம் விரல் தடம் மங்கலாகப் பதிந்திருந்தது.

"ஒரு ராத்திரிதான் மாத்தையா" என்றார் செல்வராஜ். "இன்னொரு தடவ தேய்க்காம இதுல பிரைமரே அடிக்க ஏலாது."

மாத்தையா விரலால் அந்தக் கறையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு முடிந்த டேங்க்கைத் தடவினார். அதே ஈரம், அதே ராத்திரி... அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"பாஸ் உன்னெஹே" என்றார் கடைசியில். கைவேலைக்காரரைச் சிங்களத்தில் மரியாதையாக அழைக்கிற சொல் அது. அதுவரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. "இதையும் அதே மாதிரி அடித்துவிடுங்கள். நான் இரண்டு நாள் கழித்து வருகிறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வழக்கம்போல் மழை. நானும் செல்வராஜும் ஒரே குடைக்குள் நின்றோம். மாத்தையா டிக்கியைத் திறந்து வைத்திருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர், எல்லாரும் பழைய கார்க்காரர்கள். சாம்பல் நிறத்தில் அடக்கமாக இரண்டு டேங்க், இரும்புப் பட்டிக்குக் கீழே ஒழுங்காக வெட்டிய ரப்பர். ஒருவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். மலையகம் என்றாலே தேயிலைக் கொழுந்துக் கூடை படத்தைத்தானே போடுகிறார்கள்? எங்கள் ஆள் அடித்த பெயின்ட்டையும் வந்து பாருங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"எங்கே செய்தீர்கள்? கொழும்பிலா, இங்கிலாந்துக்கு அனுப்பினீர்களா?" என்று கேட்டார் கைக்குட்டைக்காரர்.

மாத்தையா எங்கள் குடையைக் கைகாட்டினார்.

"நானுஓயா."

அந்தப் பெயரை இவ்வளவு அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை... எங்கள் ரயில் ஸ்டேஷன் மைக் உட்பட!